மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர் முதலில் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: சென்னைப் புறநகரில் சொந்த வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன் கட்டியிருக்கிறேன். முதல் முறையாக வாடகைக்கு விடப்போகிறேன். குடியிருப்பவரோடு சண்டை சச்சரவு இல்லாமல், எனக்கும் நஷ்டம் இல்லாமல் நடத்த என்ன செய்ய வேண்டும்?

வீட்டு ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் வரும் சண்டைகளை எடுத்துப் பாருங்கள். கெட்ட மனிதர்களால் வருவது குறைவு. கரன்ட், தண்ணீர், அட்வான்ஸ் ஆகிய மூன்றில் எதையோ குடிவரும் நாளில் பேசாமல் விட்டதால் வருவதே அதிகம். இந்த மூன்றையும் சாவி கொடுப்பதற்கு முன்பே சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் இவற்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

கரன்டிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள். செலவு அதிகம் என்று தரைத்தள மீட்டரிலிருந்து சப் மீட்டர் (ஒரு போர்ஷனின் பயன்பாட்டை மட்டும் அளக்கும் துணை மீட்டர்) வைத்து ஓட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படிக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட் சிலவற்றுக்கும் கூடுதல் விலை வருகிறது. இரண்டு போர்ஷனும் ஆளுக்கு 300 யூனிட் ஓட்டுகிறார்கள் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பென்றால் இருவருமே 500-க்குள் இருப்பார்கள். இருவருக்கும் தனித்தனியாக இலவச யூனிட் கிடைக்கும். ஒரே மீட்டர் என்றால் 600 யூனிட். இலவசம் ஒரு முறைதான், விலையும் மேல்படி விலை. அந்தக் கூடுதல் பணத்தை யாரோ ஒருவர் கட்ட வேண்டும். 'பக்கத்து வீட்டில் பில் பாதிதான் வருகிறது' என்று குடியிருப்பவர் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

தனி இணைப்பு கிடைக்கும் வரை சப் மீட்டர்தான் வழி என்றால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்களாக ஒரு விலை வைக்காதீர்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரி விலையைச் சப் மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப் மீட்டரையும் போட்டோ எடுத்து, பில்லையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

தனித்தனி மீட்டர் இருந்தும் சண்டை வருகிற இடம் மோட்டாரும் மாடிப்படி விளக்கும். கட்டும்போது எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய மீட்டரில் மோட்டாரை இணைத்துவிட்டுப் போயிருப்பார். 1 எச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட். எல்லோருக்கும் ஏறும் தண்ணீருக்கு ஒரு குடித்தனக்காரர் மட்டும் கரன்ட் பில் கட்டிக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாமல். குடிவைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு போர்ஷனின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தப் போர்ஷனுக்கு வெளியே எது எரிகிறது, எது நிற்கிறது என்று பாருங்கள். மோட்டாரோ மாடிப்படி விளக்கோ நின்றால் அதை உங்கள் மீட்டருக்கோ பொது மீட்டருக்கோ மாற்றுங்கள். இதையே அடுத்த போர்ஷனுக்கும் செய்யுங்கள். இரண்டு போர்ஷனின் நியூட்ரல் கம்பிகள் கலந்திருந்தால், கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. காரணமே இல்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழுகிறதென்று அதைக் கழற்றிவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு, ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிட்டுத்தான் சாவி. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி வயர், எர்த்தோடு இருக்கட்டும். குடிவருகிறவர் இரண்டாவது ஏ.சி. மாட்டக் கேட்டால், அந்த இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த மின் பளுவுக்குள் அது அடங்குமா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

அடுத்தது தண்ணீர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். இரண்டு போர்ஷனும் கீழே உங்கள் குடும்பமும் சேர்ந்தால் 1,600 லிட்டரைத் தாண்டும். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று மட்டும் இருந்தால், காலை எட்டு மணிக்கு யாராவது ஒருவர் சோப்பு நுரையோடு நிற்பார். போர்ஷனுக்கு ஒரு டேங்க் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் மிதவையும் போடுங்கள். செலவு ஒரு முறைதான். ஒருவர் குழாயைத் திறந்துவைத்துவிட்டு வெளியூர் போனாலும் அடுத்தவர் டேங்க் காலியாகாது. மோட்டாருக்குத் தானியங்கி லெவல் கன்ட்ரோலர் மாட்டிவிட்டால் 'யார் மோட்டார் போடுவது' என்ற தினசரிக் கேள்வியும் போய்விடும்.

கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் யார் கொடுப்பது? இதை ஏப்ரலில் பேசினால் சண்டை; ஒப்பந்தத்தில் எழுதினால் கணக்கு. ஆள் எண்ணிக்கைப்படி பிரிப்பது போர்ஷன்படி பிரிப்பதைவிட நியாயம், ஏனென்றால் இருவர் உள்ள வீடும் ஆறு பேர் உள்ள வீடும் ஒரே பங்கு கொடுக்க மனம் ஒப்பாது. கழிவுநீர்த் தொட்டி லாரிக்கும் இதையே எழுதுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் அதை முன்பே சொல்லுங்கள். மறைத்தால் மூன்றாம் மாதம் வாஷிங் மெஷினிலும் கீசர் காயிலிலும் உப்புப் படிந்துபோய் உங்களிடமே வந்து நிற்பார்கள்.

தண்ணீர் வீணாகும் இடத்தில் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஃப்ளஷ் டேங்க் கசிவு. டேங்குக்குள் கொஞ்சம் இங்க்கோ சாயமோ கலந்து, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சிறிய செலவில் தீர்கிற இந்தக் கோளாறு இரவு முழுக்க டேங்கைக் காலி செய்துவிடும்.

அட்வான்ஸ் பற்றி ஓனர்கள் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று: அது உங்கள் பணம் அல்ல. பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது சென்னையில் நெடுநாள் வழக்கம். இப்போது நடப்பில் உள்ள 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாங்கிய அட்வான்ஸைக் கட்டடக் கடனுக்குக் கட்டிவிட்டு, அடுத்து வருகிறவரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வாங்கிய அன்றே வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள்.

காலி செய்கிறவர் கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் 'அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க' என்று சொல்வது ஏன்? திரும்பி வராது என்ற பயம்தான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வாடகை ஒழுங்காக வரும். சாவி கொடுக்கும் நாளில் வீட்டைச் சேர்ந்து பார்த்து, கரன்ட் பில்லுக்கு மட்டும் ஒரு சிறு தொகையை நிறுத்திக்கொண்டு, மீதியை அன்றே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதன்படியே செய்யுங்கள். நல்ல ஓனர் என்ற பெயர் அந்த ஒரு நாளில்தான் நிலைக்கிறது.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது? காலண்டர் மாட்டிய ஆணித் துளை, மூன்று வருடத்தில் மங்கிய சுவர், தேய்ந்த குழாய் எல்லாம் புழக்கத்தில் வருவது. அதற்குக் கழிக்கக் கூடாது. உடைந்த டைல்ஸ், விரிசல் விட்ட வாஷ்பேசின், கிழித்த கொசுவலை இவை சேதம். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர்வழக்கமாக இருக்கிறது. ஆனால் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்றுதான் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருந்தாலும் நியாயக் கணக்கு போடுங்கள். பெயின்ட் நான்கு வருடம், அதாவது 48 மாதம், தாங்கும் என்று கொள்வோம். அடிக்க 24,000 ரூபாய் ஆகிறது, அவர் 36 மாதம் இருந்தார். மீதி ஆயுள் 12 மாதம். ஆகவே சுவர் அளவுக்கு மீறிப் பாழாகியிருந்தாலும் 6,000 ரூபாய்க்கு மேல் கேட்பது முறையல்ல. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் மனிதர்கள் ஒத்துக்கொள்வார்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஏமாற்றுவதாக நினைப்பார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நிற்க வேண்டுமானால் குடிவரும் நாளின் பதிவு வேண்டும். இருவரும் சேர்ந்து வீடு முழுக்கப் பத்து நிமிட வீடியோ எடுங்கள்: ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, டைல்ஸ், கண்ணாடி, அலமாரிக் கதவு எல்லாம் தெரியும்படி. மின்விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, சாவி எத்தனை, மீட்டர் ரீடிங் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆளுக்கொரு நகல்.

ஒப்பந்தம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 11 மாதத்துக்கு மேல் எழுதினால் குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடும், 12 வருடம் இருந்தால் வீடே அவருடையதாகிவிடும் என்பார்கள். இரண்டும் சரியல்ல. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம்தான் 11 மாதம். 12 வருடக் கதையோ எதிரிடை அனுபவம் பற்றியது, அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் நெடுநாள் வைத்திருப்பவர் சொத்துக்கு உரிமை கோருவது. உங்கள் சம்மதத்தோடு, வாடகை கொடுத்து இருப்பவருக்கு, அந்த உறவு நீடிக்கும்வரை அது பொருந்தாது. வாடகை ரசீதும் வங்கிக் கணக்கும் அதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டில் இன்று முக்கியமானது வேறு. 2019 பிப்ரவரி 22 முதல் மேலே சொன்ன சட்டம் நடப்புக்கு வந்து, 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதல் நாளே சிக்கல். பத்திரம் எழுதுகிறவர் தரும் பழைய அச்சு மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைத் தேதி, ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம், குடியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம், கரன்ட், தண்ணீர், லாரி, முன்னறிவிப்புக் காலம், அட்வான்ஸ் திருப்பும் முறை எல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். நண்பர்கள் சேர்ந்து குடிவந்தால் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதினால், அவர் வேலை மாறிப் போனதும் உள்ளே இருப்பவர்கள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது.

வாடகையை நிர்ணயிக்கும்போது ஒரு கிலோமீட்டருக்குள் உங்கள் வீட்டைப் போன்ற ஐந்து வீடுகளின் வாடகையை விசாரியுங்கள். சொல்லும் வாடகையை அல்ல, குடிவந்தவர் கொடுக்கும் வாடகையை. 18,000-க்கு உடனே ஆள் கிடைக்கிற வீட்டை 20,000 என்று சொல்லி இரண்டு மாதம் பூட்டிவைத்தால் 36,000 போய்விடும். கூடுதலாக வரும் மாதம் 2,000-ஐக் கொண்டு அதை ஈடுகட்ட 18 மாதம் ஆகும். 11 மாத ஒப்பந்தத்தில் அது நடக்காது.

ஆள் தேர்வில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: கட்ட முடியுமா, ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா. வாடகை அவர் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மூன்று மாதச் சம்பளச் சீட்டோ, தொழில் செய்பவர் என்றால் வங்கிக் கணக்கோ கேளுங்கள். அவருடைய இப்போதைய ஓனரிடம் பேசுங்கள். முடிந்தால் அதற்கும் முந்தைய ஓனரிடம். இப்போதைய ஓனர் 'போனால் போதும்' என்று நல்லவிதமாகவே சொல்லக்கூடும். அதற்கு முந்தையவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அடையாளச் சான்றின் நகல் போதும், அசலை வாங்கி வைக்காதீர்கள். குடியிருப்பவர் விவரத்தை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

சாதி, மதம், சைவமா அசைவமா, கல்யாணம் ஆனவரா என்று விசாரித்துக் கதவைச் சாத்துகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அது தவறு என்பதோடு, தொழிலாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதற்கும் அடுப்பில் என்ன வேகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு 'ஆளே கிடைக்கவில்லை' என்று சொல்வதில் நியாயம் இல்லை.

குடிவந்த பிறகு அது அவர் வீடு. ஓனர் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாற்றுச் சாவி உங்களிடம் இருந்தாலும் தீ, தண்ணீர்க்கசிவு போன்ற அவசரம் தவிர அதைத் தொடாதீர்கள். விருந்தாளி யார், இரவு எத்தனை மணிக்கு வந்தார் என்று மாடிப்படியில் நின்று கேட்பது வேண்டாம். அவர் உங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருப்பதால் இந்த ஆசை அடிக்கடி வரும், அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பழுது வந்தால் யார் செலவு? ஒப்பந்தத்தில் வேறு எழுதாதவரை, கட்டடம், பைப்லைன் மாற்றுவது, உள் வயரிங், வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச், கீசர் பழுது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் குடிவந்த முதல் மாதத்தில் கெட்டுப்போவதை நீங்களே செய்துகொடுங்கள்; அது பெரும்பாலும் முன்பே பழுதாக இருந்ததுதான். தண்ணீர், கரன்ட் புகாருக்கு அன்றே ஆள் அனுப்புங்கள், மற்றதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். சுவரில் ஓதம் தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். பெரும்பாலும் பின்பக்கம் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலோ பைப் இணைப்பிலோ கசிவு இருக்கும். அதை அடைக்காமல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

ஆண்டு உயர்வில் பேராசை வேண்டாம். 15,000 வாடகையில் 5 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் ஏற்றினால் 11 மாதத்தில் கூடுதலாகக் கிடைப்பது 8,250 ரூபாய். அதனால் நல்ல குடித்தனக்காரர் கிளம்பிவிட்டால், வீடு ஒரு மாதம் காலியாக இருந்தாலே 15,000 போச்சு. புரோக்கர், பெயின்ட் தனி.

வாடகை தாமதமானால் கோபப்படாமல் தேதிப்படி நடங்கள். ஐந்தாம் தேதி வராவிட்டால் ஆறாம் தேதி ஒரு குறுஞ்செய்தி, பத்தாம் தேதி ஒரு போன். வேலை போனது, மருத்துவச் செலவு என்று உண்மையான கஷ்டம் இருந்தால் தவணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மாதம் பாக்கி விழுந்துவிட்டால் வழக்கறிஞர் மூலம், ஒப்புகையோடு கூடிய அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகை வாங்கினால், 'நோட்டீஸை விட்டுக்கொடுக்காமல்' பெறுவதாக ரசீதில் எழுதுங்கள். என்ன நடந்தாலும் கரன்டைத் துண்டிப்பது, தண்ணீரை அடைப்பது, பூட்டு மேல் பூட்டு போடுவது கூடாது. சட்டம் நேரடியாகத் தடுத்திருக்கிறது. செய்தால் பாக்கிக்காரர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் பதில் சொல்கிற இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. வாடகையை வங்கி வழியே வாங்கி ரசீது கொடுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் சம்பளக்காரர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார், மறுக்காமல் கொடுங்கள். வாடகை வருமானத்தில் நீங்கள் கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்காகக் கழிக்கப்படும், ரசீது எதுவும் கேட்காமல். கட்டடக் கடன் வட்டி அதற்கு மேல். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் வாடகை சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வீடு உங்கள் மகன் பெயரிலோ மகள் பெயரிலோ இருந்து அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள்.

காலி செய்யும் நாளில் பழைய வீடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு இருவரும் வீட்டைச் சுற்றுங்கள். மீட்டர் ரீடிங், சாவி எண்ணிக்கை, கழிவு, திருப்பிய தொகை எல்லாம் எழுதி இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். அடுத்தவர் குடிவருவதற்குள் தொட்டி கழுவி, ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்து, வாசல் கதவின் பூட்டையும் மாற்றிவிடுங்கள்.